தூர்வாரும் வேலை ஏரிக்கு வெளியிலிருந்து தொடங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை பிறந்தால் ஏரிக்குள் பொக்லைன் இறங்கிய படமும், இத்தனை ஆயிரம் கனமீட்டர் மண் அள்ளப்பட்டது என்ற கணக்கும் செய்திகளில் வருகின்றன. ஐப்பசி, கார்த்திகை போய் மார்கழியில் பார்த்தால் அதே ஏரியில் பாதித் தண்ணீர்கூட நிற்பதில்லை. மழை ஏமாற்றிவிட்டது என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிடுகிறோம். பல ஊர்களில் ஏமாற்றியது மழை இல்லை. பெய்த தண்ணீர் ஏரிக்கு வந்து சேரவே இல்லை.

தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி மழை 900 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில், அதுவும் சில நாட்களின் கனமழையாகக் கொட்டிவிட்டுப் போகிறது. அந்தச் சில நாள் வெள்ளத்தைப் பிடித்து வைப்பதற்காகவே மாநிலம் முழுக்கச் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் வெட்டப்பட்டன. ஆகவே ஒரு ஏரியின் வலிமை அதன் ஆழத்தைக் காட்டிலும், அந்த ஒன்றிரண்டு நாட்களில் எவ்வளவு தண்ணீரை உள்ளே இழுக்க முடியும் என்பதில்தான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏரிக்குள் 10 ஹெக்டேர் பரப்பில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் எடுத்தால் கிடைக்கும் கூடுதல் இடம் 30,000 கனமீட்டர். அதாவது ஒரு மில்லியன் கனஅடியைவிடக் கொஞ்சம் அதிகம். ஆயிரக்கணக்கான டிப்பர் நடைகள், வாரக்கணக்கில் இயந்திர வாடகை. இதே ஏரிக்கு 500 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பு இருந்து, 50 மில்லிமீட்டர் மழை பெய்து, அதில் 15 விழுக்காடு மட்டும் ஓடி வந்தாலும் ஒரே மழையில் 37,500 கனமீட்டர் கிடைக்கும். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்கால் ஒழுங்காக இருந்தால்.

அந்த வரத்துக்கால் அடியில் 2 மீட்டர் அகலமாக, 1 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் ஓடும்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 0.6 மீட்டர் வேகத்தில் ஓடினால் விநாடிக்கு 1.2 கனமீட்டர் வரும். எட்டு மணி நேரத்தில் 34,500 கனமீட்டர். இப்போது நடுவில் ஒரு சாலை குறுக்கே போகிறது. வாய்க்காலைக் கடக்க 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிமென்ட் குழாய் ஒன்றைப் புதைத்திருக்கிறார்கள். அந்தக் குழாயின் வாய் 0.28 சதுரமீட்டர்தான். நிறைந்து, விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் பாய்ந்தாலும் 0.42 கனமீட்டருக்கு மேல் போகாது. அதே எட்டு மணி நேரத்தில் 12,000 கனமீட்டர். மீதி 22,000 கனமீட்டர் சாலையோரமாகத் தேங்கி, பக்கத்து வயலை உடைத்துக்கொண்டு ஓடைக்குப் போய்விடும். இப்படி இரண்டு மழை தப்பினால், கோடையில் தோண்டியதைவிட அதிகமான தண்ணீர் கைவிட்டுப் போயிருக்கும். குழாய்க்குள் பாதி மணல் அடைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

குழாயின் அளவு ஒரு குறை என்றால், அதன் அடிமட்டம் இன்னொன்று. சாலை போடுபவர்கள் குழாயை வாய்க்காலின் தரையில் வைப்பதில்லை. தங்கள் வசதிக்கு 30, 40 சென்டிமீட்டர் மேலே வைத்துவிடுகிறார்கள். அதன்பின் அந்த உயரம் வரை மேற்புறம் முழுவதும் வண்டல் நிரம்பி, வாய்க்காலின் தரையே உயர்ந்துவிடுகிறது. எத்தனை முறை தூர்வாரினாலும் அடுத்த மழையில் மறுபடி மேடாகும். வாய்க்காலின் அகலத்துக்கு ஈடான பெட்டிப் பாலமாக, தரைமட்டத்தில் மாற்றுவதைத் தவிர இதற்கு வேறு மருந்து கிடையாது. சாலைக்கு ஒரு துறை, ஏரிக்கு ஒரு துறை என்பதால் இந்த ஒரு வேலைதான் எல்லாத் திட்டத்திலும் விடுபட்டுப் போகிறது. ஆயக்கட்டு, அதாவது ஏரி பாசனம் தரும் நிலப்பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் உள்ள ஏரிகள் நீர்வளத்துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருப்பது இந்தக் குழப்பத்தைக் கூட்டுகிறது.

வரத்துக்காலைக் கண்டுபிடிப்பதே சில ஊர்களில் பெரிய வேலை. கிராம வரைபடத்தில் தொடங்கி, ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் புலப்படத்தை (நில அளவை வரைபடம்) எடுத்து, நிலத்தின் வகையைச் சொல்லும் ‘அ’ பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு என்று இருக்கிறதா என்று ஒத்துப் பார்க்க வேண்டும். பட்டா நிலத்துக்குள் ஓடும் வாய்க்கால்கள் தனி எண் இல்லாமல் இருக்கும். அவற்றில் தகராறு வராமல் இருக்க, மண்ணைத் தொடும் முன்பே நிலத்துக்காரரிடம் பேசி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. புறம்போக்கில் உள்ள ஆக்கிரமிப்புக்கு 2007 ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் இருக்கிறது. இன்னொரு ஆவணத்தையும் யாரும் கேட்பதில்லை. 1883 இல் சென்னை மாகாணத்தில் தொடங்கிய ஏரி சீரமைப்புத் திட்டத்தின்போது ஏரிவாரியாகக் குறிப்பேடுகள் எழுதப்பட்டன. முழு நீர்மட்டம், உபரிநீர் வழியும் கலிங்கின் நீளம், பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் மதகின் அடிமட்டம் எல்லாம் அதில் இருக்கும். பழைய பொதுப்பணித் துறை அலுவலகங்களில் தேடினால் பல ஏரிகளுக்கு இன்னும் கிடைக்கின்றன. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கும்போது ‘ஏரி பற்றிய விவரம்’ என்று பொதுவாகக் கேட்காமல், இந்தக் குறிப்பேட்டின் நகல் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

வெட்டும்போது நடக்கும் தவறுகள் பெரும்பாலும் மட்டத்தில்தான். வாய்க்காலுக்கு 1,000 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு என்றால் 20 மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. பொக்லைன் ஓட்டுநர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் முடியாது. கொத்தனார்கள் வைத்திருக்கும் மட்டக்குழாய் போதும். 25 மீட்டர் நீளம், உள்ளே காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர், இரண்டு அளவுகோல்கள். 20 மீட்டருக்கு ஒரு முளை அடித்து மட்டம் குறித்துவிட்டுத்தான் இயந்திரத்தை இறக்க வேண்டும். ஏரியின் வாயில் மட்டத்தை உறுதிசெய்துகொண்டு அங்கிருந்து மேல்நோக்கி வெட்டிப் போனால், இடையில் மழை வந்தாலும் தண்ணீர் வடிந்து ஏரிக்குப் போகும். மேலிருந்து கீழே வந்தால் ஆங்காங்கே குழிகள் விழுந்து, முதல் மழை அந்தக் குழிகளிலேயே நின்றுவிடும்.

வெட்டிய மண்ணை இருபுறமும் தொடர்ச்சியாகக் குவித்து வைப்பது இன்னொரு கேடு. வயல்களிலிருந்து பக்கவாட்டில் வாய்க்காலுக்கு வரவேண்டிய தண்ணீரை அந்தக் குவியலே தடுத்துவிடும். பள்ளமான இடங்களில் எல்லாம் மண்மேட்டில் இடைவெளி விட்டு, அங்கே கல் பரப்பி வைக்க வேண்டும். ஏரிக்குள் நுழைவதற்குச் சற்று முன்பு 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழத்தில் ஒரு வண்டல் குழி வெட்டினால் மணல் அங்கே தங்கும். ஆண்டுக்கு ஒரு நாள் அதைச் சுத்தம் செய்வது, பத்தாண்டுக்கு ஒருமுறை ஏரியைத் தோண்டுவதைவிட எளிது.

சீமைக்கருவேலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாய்க்காலிலும், ஏரியில் நீர் நிற்கும் உட்பகுதியான உள்வாயிலும் வேரோடு பிடுங்கலாம்; தரையோடு வெட்டிவிட்டுப் போனால் ஒரே ஆண்டில் நாலு கிளையாக நிற்கும். ஆனால் கரையில் நிற்கும் மரத்தை அப்படிப் பிடுங்கக் கூடாது. பிடுங்கிய குழியைச் சரியாக மூடாவிட்டால், ஏரி நிரம்பும்போது தண்ணீர் அந்த வழியே ஊறிக் கரையைத் துளைக்கும். வெட்டிவிட்டு வேரை அப்படியே மக்க விட்டாலும் இதே கதைதான். கரையில் வேரைத் தோண்டி எடுத்தபின் களிமண்ணை 20 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு, ஈரம் காட்டி, திமிசு போட்டு இடித்து மூட வேண்டும். கரையை உயர்த்தும் வேலைக்கும் இதே விதி பொருந்தும். தூர்வாரிய சேற்றைக் கரைமேல் கொட்டிச் சமன்படுத்திவிட்டு ‘கரை பலப்படுத்தப்பட்டது’ என்று எழுதிக்கொள்கிறார்கள். இடிக்காத மண் முதல் மழையில் வழிந்து, எடுத்த இடத்துக்கே திரும்பி வருகிறது.

கலிங்கு பற்றி ஊருக்குள் எப்போதும் இரண்டு கட்சி உண்டு. உள்வாயில் பயிர் செய்கிறவர்களுக்கு ஏரி நிரம்பக் கூடாது. கலிங்கின் கல்லைப் பெயர்த்துத் தாழ்த்திவிடுவார்கள். ஆயக்கட்டுக்காரர்களோ மணல் மூட்டை அடுக்கி உயர்த்துவார்கள். இரண்டாவது தரப்பு செய்வது நியாயம் போலத் தோன்றும். ஆனால் நம் ஏரிகள் பெரும்பாலும் சங்கிலித் தொடர்; மேல் ஏரியின் கலிங்கில் வழியும் மறுகால் தண்ணீர்தான் கீழ் ஏரியின் வரத்து. 40 ஹெக்டேர் நீர்ப்பரப்புள்ள ஏரியின் கலிங்கை 30 சென்டிமீட்டர் உயர்த்தினால், கீழ் ஊருக்குப் போகவேண்டிய 1,20,000 கனமீட்டர் நின்றுபோகிறது. கரை உடையும் ஆபத்து அதற்கும் மேல். குறிப்பேட்டில் உள்ள நீளத்தையும் உயரத்தையும் அளந்து, அப்படியே வைப்பதுதான் இரு தரப்புக்கும் சொல்லக்கூடிய ஒரே பதில்.

மதகுக்கு வருவோம். அடைத்த மதகிலிருந்து ஒழுகும் தண்ணீரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 15 லிட்டர் வாளி 3 விநாடியில் நிரம்பினால் ஒழுக்கு விநாடிக்கு 5 லிட்டர். ஒரு நாளைக்கு 432 கனமீட்டர், நூறு நாளைக்கு 43,200. மேலே சொன்ன தூர்வாரும் வேலையில் கிடைத்த இடத்தைவிட இது அதிகம். பெரும்பாலும் காரணம் மதகை அடைக்கும் பலகையின் அடிவிளிம்பு தேய்ந்திருப்பது, திருகு வளைந்து பலகை முழுதாக இறங்காதது, அல்லது மதகுக்கும் கரைமண்ணுக்கும் இடையே உண்டான பொந்து. முதல் இரண்டும் ஒரு பட்டறையில் முடிகிற வேலை. மூன்றாவதைத் தள்ளிப்போடக் கூடாது. மதகின் பின்புறம் கலங்கலாக நீர் வந்தால் கரைமண் கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஏரிக்குள் தோண்டுவதைப் பற்றிப் பேச வேண்டும். அங்கேயும் எங்கே, எவ்வளவு என்பது முக்கியம். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டும் ஒவ்வொரு அங்குலமும் பாசனத்துக்குப் பயன்படாது; அந்தத் தண்ணீர் தானாக வெளியே பாயாது. கரையின் உள்ளடியிலிருந்து குறைந்தது 10 மீட்டராவது விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் கரை சரியும். வண்டலுக்குக் கீழே சுக்கானோ (சுண்ணாம்புக் கல்) கிராவலோ தென்பட்டதும் நிறுத்திவிட வேண்டும். அதைத் தாண்டினால் ஏரி ஒழுக ஆரம்பிக்கும். அந்த ஒழுக்கு நிலத்தடிக்குத்தானே போகிறது என்று வாதிடலாம். தண்ணீரை நிலத்தடிக்கு இறக்கவே வெட்டும் கசிவுநீர்க் குட்டைக்கு அது சரி, நெல்லை நம்பியிருக்கும் பாசன ஏரிக்குச் சரியில்லை. செங்குத்தான குழிகள் மிகக் கொடியவை. குளிக்கப் போகும் பிள்ளைகள் தூர்வாரிய குழியில் மூழ்குவது ஒவ்வொரு மழைக்காலமும் செய்தியாகிறது. குழியின் ஓரம் ஒரு மீட்டர் ஆழத்துக்கு மூன்று மீட்டர் அகலம் என்ற சாய்வில் இருந்தால் பெருமளவு தவிர்த்துவிடலாம்.

ஆழமாகத் தோண்ட உண்மையிலேயே தகுந்த இடம் ஒன்று இருக்கிறது. கோடையில் கால்நடைக்கு மீதம் வைக்கும் தண்ணீருக்கான குழி. 500 மாடுகளுக்கு ஒன்றுக்கு 50 லிட்டர் வீதம் நாளொன்றுக்கு 25 கனமீட்டர். 90 நாளைக்கு 2,250. இந்தத் தண்ணீரை 5 ஹெக்டேரில் மெல்லிய படலமாக நிற்க விட்டால் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகி 250 கனமீட்டர் வெயிலுக்கே போய்விடும். பத்து நாள்கூடத் தாங்காது. மேலே 50 மீட்டர் சதுரம், 3 மீட்டர் ஆழம், மேற்சொன்ன சாய்வு என்று ஒரே குழியாக இருந்தால் 5,000 கனமீட்டருக்கு மேல் பிடிக்கும். ஆவியாவது நாளுக்கு 12 கனமீட்டர் அளவில்தான். மாடுகளும் சரிவில் இறங்கிக் குடிக்கும்.

எடுக்கும் வண்டலை வட்டாட்சியரிடம் அனுமதி பெற்று விவசாயிகள் விலையின்றி அள்ளலாம். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90. டிராக்டர் கணக்கில் 25, 30 நடைகள். 75 கனமீட்டர் என்றால் வயலில் 2 சென்டிமீட்டருக்கும் குறைவான கனம். செம்மண்ணுக்கும் மணற்பாங்கான நிலத்துக்கும் நல்ல உரம். ஏற்கெனவே களியாக இருக்கும் கரிசலில் போட்டால் வடிகால் கெடும். வண்டலின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1 டெசிசீமென்ஸைத் தாண்டினால் உப்பு என்று அர்த்தம். அள்ளும் முன்பே மண் ஆய்வகத்தில் ஒரு மாதிரி கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். வயலுக்கென்று அனுமதி வாங்கிய மண் செங்கல் சூளைக்குப் போவதை ஊர்தான் நின்று பார்க்க வேண்டும்.

ஏரி வறண்டால் நெல் மட்டும் போவதில்லை, குடிநீரும் போகிறது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு கடினப்பாறைப் பகுதி. அங்கே பாறை பிடித்து வைக்கும் தண்ணீர் மிகக் குறைவு. இரண்டு விழுக்காடு என்று கொண்டால் 100 ஹெக்டேரில் ஒரு மீட்டர் மட்டம் என்பது வெறும் 20,000 கனமீட்டர். ஏரி நிரம்பினால் அதைச் சுற்றிய கிணறுகள் மளமளவென்று ஏறுவதும், வரிசையாக மோட்டார் ஓடினால் அதே வேகத்தில் இறங்குவதும் இதனால்தான். சிதைந்த மேற்பாறைக்குக் கீழே போகப் போக வெடிப்புகள் குறைகின்றன. 1,000 அடி போட்டும் புகைதான் வருகிறது என்பதன் காரணம் இது. கிடைத்தாலும், 300 மீட்டரிலிருந்து ஒரு கனமீட்டரை மேலே கொண்டுவர, மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால் ஏறக்குறைய 2 யூனிட் மின்சாரம் போகிறது. இலவச மின்சாரம் இந்தக் கணக்கை மறைத்து வைத்திருக்கிறது. ஆழத்து நீரில் புளூரைடு ஏறும் பகுதிகளும் உண்டு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லும், இன்னும் ஏறினால் எலும்பும் கெடும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே இதற்காகத்தான் வந்தது. ஊராட்சியின் குடிநீர்க் கிணறு ஏரிக்கரைக்குக் கீழே இருந்தால், ஏரியின் கடைசி ஓர் அடித் தண்ணீரைப் பாசனத்துக்குத் திறக்காமல் வைப்பது அந்தக் கிணற்றுக்குச் செய்யும் காப்பீடு.

எவ்வளவு பயிர் என்பதை ஏரி நிரம்பிய அன்றே கூட்டம் போட்டு முடிவு செய்ய வேண்டும். கைவசம் 2 லட்சம் கனமீட்டர் இருந்தால், இழப்பைக் கணக்கில் சேர்க்காமலே, 1,200 மில்லிமீட்டர் கேட்கும் நெல்லுக்கு 16 ஹெக்டேர்தான் வரும். 400 மில்லிமீட்டரில் முடியும் கேழ்வரகுக்கு 50 ஹெக்டேர் வரும். எல்லாரும் நெல் நட்டுவிட்டுப் பால் பிடிக்கும் பருவத்தில் தண்ணீருக்கு அடித்துக்கொள்வது இந்த ஒரு கூட்டத்தைத் தவிர்ப்பதால் வருவது. முன்பு மடை திறக்கும் நீர்க்கட்டிக்கு ஊர் நெல் அளந்தது, அவர் சொன்ன முறைப்படி தண்ணீர் போனது. நீர்க்கட்டி இல்லாத ஏரியில் மேட்டுக்காரர் இரவில் மடை திறக்கிறார், கடைமடை காய்கிறது.

2017 இல் தமிழக அரசு, ஊராரே ஏரியைப் பராமரிக்கும் குடிமராமத்தை மீண்டும் தொடங்கியபோது, செலவில் ஒரு பங்கு ஆயக்கட்டுதாரர்களுடையது என்று வைத்ததன் நோக்கம் நல்லது. அந்தப் பங்கை ஒப்பந்ததாரரே கட்டிவிடும் இடங்களில், ஆயக்கட்டுதாரர் சங்கம் வெறும் கையெழுத்தாகிவிடுகிறது. இதைத் தடுக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. வேலை தொடங்குமுன் ஊராட்சி அலுவலக வாசலில் ஒரு பலகை: முழு நீர்மட்டம், கலிங்கின் நீளம், மதகின் அடிமட்டம், வரத்துக்காலின் நீளம், அதில் உள்ள ஒவ்வொரு சிறுபாலத்தின் அளவும் அடிமட்டமும். மதகுச் சுவரில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு வீதம் பெயின்ட்டில் அளவுகோல். மழைக்காலத்தில் தினமும் காலையில் ஒருவர் அதைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். எவ்வளவு மண் போனது என்பதற்குப் பதில் எவ்வளவு தண்ணீர் வந்தது என்று கேட்க இந்த நோட்டு மட்டுமே ஆதாரம்.

தங்கள் செய்தியாளர்கள் அடுத்த முறை தூர்வாரும் பணியைப் படமெடுக்கப் போகும்போது, வரத்துக்கால் வழியே சாலை கடக்கும் இடம் வரை நடந்து போய் அந்தக் குழாயின் விட்டத்தையும் அளந்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறோம். சிறுபாலம் மாற்றும் வேலை ஆவணிக்குள் முடிந்தால்தான் அந்த ஆண்டின் பருவமழைக்கு உதவும்.

இப்படிக்கு,
ஏரிப் பாசன வேலைகளில் உள்ள வாசகர்கள் சிலர்